ஏற்காடு ஏறும் புது ஜீப்காரர்களுக்கு: கை காட்டும் முறை

அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஏற்காடு ஏறும்போது, எதிரே இறங்கி வரும் பழைய ஜீப்பின் டிரைவர் ஸ்டீயரிங்கிலிருந்து நான்கு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். புதிதாக மஹிந்திராவின் 'தார்' வண்டி வாங்கியவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் தெரிந்தவர் யாரோ என்று நினைத்து, கண்ணாடியில் அந்த வண்டியைத் தேடுவார்கள். அவர் உங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. உங்கள் வண்டியைப் பார்த்துத்தான் விரலைத் தூக்கினார்.

அந்த நான்கு விரலுக்கு நான் புரிந்துகொண்ட அர்த்தம் இது: "உன்னைப் பார்த்துவிட்டேன். மேலே எங்கேயாவது மாட்டிக்கொண்டால் நிற்பேன்." பதிலுக்கு விரலைத் தூக்கும்போது நீங்களும் அதே வாக்கைக் கொடுக்கிறீர்கள். அதனால்தான் இதை முறையாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

பழக்கம் வந்த வழி

அமெரிக்காவில் ஜீப் ராங்ளர், அதற்கு முந்தைய சி.ஜே. வண்டிகள் வைத்திருப்பவர்கள் சாலையில் ஒருவரையொருவர் பார்த்தால் கை தூக்காமல் போக மாட்டார்கள். 1941-இல் ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்தே இது இருக்கிறது என்று சொல்வார்கள். ஜீப் கம்பெனியே செய்யும் காம்பஸ் மாதிரி சாதாரணக் காருக்கும் கை காட்டலாமா என்ற வாக்குவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் மஹிந்திரா 1940களின் கடைசியில் பம்பாயில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தது. நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் 'ஜீப்' என்றே சொல்லிப் பழகியது அப்படித்தான்.

ஆனால் சேலத்துக்காரர்கள் கை காட்டுவதை அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அரசுப் பேருந்து டிரைவர்கள் எதிரெதிரே கடக்கும்போது கை தூக்கிக்கொள்வதைச் சின்ன வயதில் முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்காதவர் யார்? பக்கத்திலேயே சங்ககிரி, நாமக்கல் என்று லாரிக்காரர்களின் ஊர்கள். லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் வைத்து மெல்ல அசைத்தால் "முன்னால ஏதோ இருக்கு, மெதுவா போ" என்று அர்த்தம். மலைமேல் எஸ்டேட் ஜீப்களின் கதையும் இதுதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். ஜீப் வந்த காலத்திலிருந்து காபி மூட்டை, மிளகு மூட்டை, வேலைக்குப் போகும் ஆட்கள், பிரசவத்துக்கு அவசரமாகக் கீழே இறங்கும் பெண்கள் என்று எல்லாமே அதில்தான். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய எஸ்டேட் ரோட்டில் எதிரே இன்னொன்று வந்தால், யார் ஒதுங்குவது, பின்னால் எத்தனை வண்டி வருகிறது என்பதையெல்லாம் கையால்தான் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு அது வேலையில் ஒரு பாகம். நமக்கு ஆசையாகத் தெரிகிற ஒரு பழக்கம் இன்னொருவரின் பிழைப்பிலிருந்து வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கையை எங்கே வைப்பது

நம் நாட்டில் டிரைவர் சீட் வலது பக்கம், எதிரே வரும் வண்டி கடப்பதும் நம் வலது பக்கம். இரண்டு டிரைவர்களின் ஜன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றையொன்று கடந்து போகும். அதனால் பெரிதாகக் கையை ஆட்டத் தேவையே இல்லை.

மலை ஏறும்போது இடது கை அடிக்கடி கியருக்குப் போகும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது வலது கை ஒன்றுதான், அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் வண்டியை யாருமே பிடிக்கவில்லை என்றாகிவிடும். ஆகவே முறை இது: வலது உள்ளங்கையும் கட்டைவிரலும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும். மற்ற நான்கு விரலை மட்டும் நேராகத் தூக்கி, ஒரு நொடி வைத்து, இறக்கிவிடுங்கள். கூடவே தலையை லேசாக அசைத்தால் போதும். கியர் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் விரலும் வேண்டாம், தலையசைப்பே பதில்.

எப்போது தூக்குவது? இரண்டு வண்டியும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், ஐம்பது மீட்டர் இடைவெளியைக் கடக்க மூன்று நொடிதான். அந்த மூன்று நொடிக்குள் பார்க்க வேண்டும், தூக்க வேண்டும், மறுபடி பிடிக்க வேண்டும். அடிவாரத்திலிருந்து ஏறும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் நேராகக் கிடக்கும் துண்டுச் சாலைதான் கை காட்டும் இடம். வளைவுக்குள் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருக்க வேண்டும். எதிரே வருபவர் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று. ஹாரனை வணக்கத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மலையில் ஹாரன் என்பது வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சொல்லும் எச்சரிக்கை. நீங்கள் சந்தோஷமாக இரண்டு முறை அடித்தால், பின்னால் வரும் பஸ் டிரைவர் ஏதோ ஆபத்து என்று பிரேக்கை மிதிப்பார். லைட்டை விட்டுவிட்டு அடிப்பதும் அப்படியே. சில வெளிநாடுகளில் அதற்கு "நீ போ" என்ற அர்த்தம் உண்டு. இங்கே பெரும்பாலும் "நான் வர்றேன், நீ நில்லு" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வணக்கம் சொல்லப் போய் அதட்டல் ஆகிவிடும்.

ஏறும் வண்டிக்கு வழி

கை காட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது வழிவிடுவது. குறுகலான மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதியே சொல்கிறது. காரணம் எளிது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பும்போது கிளட்ச் தேயும், வண்டி பின்னால் உருளவும் வாய்ப்பு உண்டு. மூட்டை ஏற்றிய பழைய ஜீப்புக்கு அது பெரிய பாடு. இறங்கும்போது அகலமான இடம் பார்த்து முன்னதாகவே ஒதுங்கி நில்லுங்கள். நின்ற பிறகு, கையை நிதானமாக முழுசாகவே தூக்கலாம். வழிவிட்டு நின்றபடி தூக்கும் கைக்கு இந்த மலையில் தனி மதிப்பு உண்டு.

யார் முதலில்

புது வண்டி பழைய வண்டிக்கு முதலில் கை காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் இதுதான் வழக்கம், நம் ஊர் மரியாதைக்கும் அது பொருந்தி வருகிறது. 2020 அக்டோபரில் புதிய தார் விற்பனைக்கு வந்த பிறகு சனி ஞாயிறுகளில் ஏற்காட்டில் எங்கே திரும்பினாலும் அதுதான் நிற்கிறது. 2023-இல் மாருதியின் ஜிம்னியும் சேர்ந்துகொண்டது. இவர்கள் எல்லாரும் மஹிந்திராவின் பழைய ஜீப்களான எம்எம் 540-ஐயோ, கமாண்டரையோ, 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியின் ஆரம்ப கால வண்டியையோ பார்த்தால் காத்திருக்காமல் முதலில் விரலைத் தூக்க வேண்டும். ஜீப்பின் கதவுக்குப் பதில் தார்ப்பாய் தொங்குகிறதா, பின்னால் மூட்டை தெரிகிறதா? அப்படியானால் கட்டாயம் நீங்கள்தான் முதலில். அவர் வேலையில் இருக்கிறார், நீங்கள் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறீர்கள்.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தார் 2023 ஜனவரியில் வந்ததிலிருந்து, "அதுக்கும் காட்டணுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். எதிரே வரும்போது நாலு வீலும் இழுக்கிற வண்டியா, இரண்டு மட்டுமா என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. தெரிந்தாலும்தான் என்ன, காட்டுங்கள். ஃபோர்ஸ் கம்பெனியின் குர்கா ஜீப்புக்கும் காட்டுங்கள். பொலேரோவில் போகும் எஸ்டேட்காரருக்கும், மலை பஸ் டிரைவருக்கும் காட்டுங்கள். அந்த பஸ் டிரைவரைப் போல இந்த ரோட்டை அறிந்தவர் யாரும் இல்லை.

பதில் வரவில்லை என்றால் கோபிக்காதீர்கள். பழைய ஜீப்களில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஸ்டீயரிங்கில் ஆட்டமும் இருக்கும், குழியில் சக்கரம் இறங்கினால் கையை முறுக்கிவிடும். அதை ஓட்டுபவரால் ஒரு விரலைக்கூட எடுக்க முடியாது. உற்றுப் பாருங்கள்: தாடையை அரை அங்குலம் மேலே தூக்கியிருப்பார். அதுதான் அவர் சொன்ன பதில்.

பெண்கள் ஓட்டிவரும் வண்டிக்கும் இதே நான்கு விரல்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். திரும்பிப் பார்ப்பதோ, வேகத்தைக் குறைப்பதோ, பின்னால் போய் ஹாரன் அடிப்பதோ வணக்கம் ஆகாது.

மாட்டிக்கொண்ட வண்டியைப் பார்த்தால்

தார் வாங்கிய முதல் மழைக்காலத்தில், நாகலூர் பக்கம் ஒரு மண்பாதையில் இறங்கினேன். மேலே சில்வர் ஓக் இலை பரவிக் கிடந்ததால் அடியில் இருந்த சேறு கண்ணுக்குத் தெரியவில்லை. செம்மண், மழையில் ஊறிச் சோப்பு மாதிரி ஆகியிருந்தது. நாலு சக்கரமும் சுற்றின, வண்டி பக்கவாட்டில் நகர்ந்து வாய்க்காலில் பின்சக்கரத்தை இறக்கிக்கொண்டது. இழுவையைக் கூட்டும் மெதுவான கியரான லோ ரேஞ்ச் போட்டுப் பார்த்தேன், இன்னும் ஆழமாக இறங்கியது. இருபது நிமிஷம் கழித்து ஒரு எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கியவருக்கு அறுபது வயது இருக்கும்.

நான் புதிதாக வாங்கிய இழுவைக் கயிற்றை எடுத்து, பம்பருக்குக் கீழே தெரிந்த ஒரு வளையத்தில் மாட்டப் போனேன். "தம்பி, அதுல மாட்டாதீங்க" என்றார். "அது லாரியில ஏத்தறப்ப வண்டியக் கட்டறதுக்கு. இழுத்தா பிச்சுக்கிட்டு வந்துரும். சேஸோட சேர்ந்த ஹூக்கு உள்ள இருக்கும் பாருங்க." குனிந்து கையை விட்டுத் தடவிப் பார்த்து அவரே காட்டினார். கயிறு மாட்டியதும் இழுத்துவிடவில்லை. முதலில் நாலு டயரிலும் காற்றை இறக்கச் சொன்னார். சாவி நுனியால் வால்வை அழுத்திக்கொண்டு, டயரின் வயிறு தரையில் பிதுங்குவதைக் கண்ணாலேயே பார்த்து "போதும்" என்றார். என்னிடமிருந்த காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்தேன், 19 பி.எஸ்.ஐ. காட்டியது. சேற்றுக்கு 18லிருந்து 20 வரை வைக்கலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். அவர் கேஜ் வைத்திருப்பவராகத் தெரியவில்லை. அப்புறம் ஒரு நனைந்த சாக்கை எடுத்துக் கயிற்றின் நடுவில் போட்டார். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வந்து அடிக்கும், சாக்கு அதை அமுக்கிவிடும். என்னோடு வந்தவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கச் சொன்னோம். ஒரே மெதுவான இழுப்பில் வண்டி மேலே வந்தது.

கயிற்றைச் சுருட்டிக் கொடுக்கும்போதுதான் அவர் ஜீப்பின் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு இண்டிகேட்டர் உடைந்து, மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. அதே ஜீப்தான் காலையில் அடிவாரத்துக்கு மேலே என்னைக் கடந்து இறங்கியது. அவர் விரலைத் தூக்கியிருந்தார், நான் பேசாமல் போயிருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பணம் கொடுக்கப் போனேன், கையை விலக்கிவிட்டார். "டீ குடிக்கலாமாங்ணா?" என்றேன். சரி என்றார்.

ஆகவே, நின்றுபோன வண்டியைப் பார்த்தால் நீங்களும் நில்லுங்கள். ஜீப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஸ்கூட்டராக இருந்தாலும் நில்லுங்கள். வளைவுக்குள் நிறுத்தாமல் தாண்டிப்போய் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். முதலில் கேட்க வேண்டியது "ஆளுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்பது. வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: நல்ல இழுவைக் கயிறு, கயிற்றை ஹூக்கில் மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் இரண்டு, கையுறை, மண்வெட்டி, கேஜ், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர். காற்றை இறக்கிய டயரோடு மலை இறங்கக் கூடாது, தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள்.

கூட்டமாகப் போகும்போது

எஸ்டேட் ரோட்டில் நாலைந்து வண்டி சேர்ந்து போகும்போது ஒரு கைச்சைகை மிகவும் உதவும். எதிரே ஒருவர் வந்தால், நம் முதல் வண்டிக்காரர் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரலால் காட்ட வேண்டும். அடுத்தவர் ஒன்று குறைத்துக் காட்டுவார். கடைசி வண்டிக்காரர் முஷ்டியை மூடிக் காட்டினால் "அவ்வளவுதான், நீங்க போகலாம்". ஒதுங்கி நிற்பவர் நமக்காகத்தான் நிற்கிறார், அவரை ஊகிக்க விட்டுவிடக் கூடாது.

முன்னால் காட்டெருமை நிற்கிறது என்றால், லாரிக்காரர்களின் அதே உள்ளங்கைச் சைகைதான். எதிரே வருபவர்கள் அதை உங்களுக்குக் காட்டினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். காட்டெருமையைப் பார்த்து ஹாரன் அடிப்பதும், போட்டோவுக்காகக் கிட்டப் போவதும் வேண்டாம்.

இருட்டிய பிறகு யாருக்கும் உங்கள் விரல் தெரியப்போவதில்லை. ஹைபீமை டிம் செய்வதுதான் ராத்திரியின் வணக்கம். கூரைமேல் எல்.இ.டி. லைட் பட்டை மாட்டியிருந்தால் மலைச்சாலையில் அதற்கு உறை போட்டு மூடியே வையுங்கள். மூடுபனியில் ஹைபீம் உங்களுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும்.

நடந்து போகிறவர்கள்

மலையில் சாலை என்பது வண்டிகளுக்கு மட்டும் உரியது இல்லை. விறகோடு வரும் பாட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கப் போகும் ஆட்கள் எல்லாரும் அதன் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். இவர்களில் பலர் 'மலையாளி' என்ற பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை), மலைக்குச் சொந்தக்காரர்கள். வேகத்தைக் குறைத்து, தண்ணீர் தெறிக்காமல், தலையை அசைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் கை ஆட்டினால் நீங்களும் ஆட்டுங்கள். இங்கே நான்கு விரல் கணக்கெல்லாம் இல்லை.

எஸ்டேட் கேட் திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அது தனியார் இடம். இறங்கி, "வணக்கம்ங்க, இந்த வழியில போலாமுங்களா?" என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். வனத்துறைப் பாதை என்றால் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழைக்குப் பிறகு காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், அந்த வாசனைக்காகவே மலை ஏறலாம். ரோட்டிலிருந்தே பாருங்கள், வண்டியை வரிசைக்குள் இறக்க வேண்டாம்.

டீக்கடையில் நிறுத்திய பிறகு

ஏரிப் பக்கமோ டீக்கடையிலோ இன்னொரு ஜீப் நின்றால் பக்கத்தில் போய்ப் பேசலாம். பெரியவர் என்றால் "வணக்கம்ங்க", "அண்ணா". "ப்ரோ" என்பதை உங்கள் வயதுக்காரர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். "எந்த வருஷத்து வண்டிங்ணா?" என்ற ஒரு கேள்வி போதும், பேச்சு தானாக வளரும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸ் எங்கே வாங்கினார்கள், எந்த மெக்கானிக் கையில் உயிர் பெற்றது என்று ஆசையாகச் சொல்வார்கள். காது கொடுத்துக் கேளுங்கள், அங்கே கற்றுக்கொள்வது ஷோரூமில் கிடைக்காது. விலை கேட்காதீர்கள். கேட்காமல் கதவைத் திறக்காதீர்கள், பானெட்மேல் சாய்ந்து போட்டோ எடுக்காதீர்கள்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 2020-இல் அலிசன் பார்லமென்ட் என்ற பெண் ஒரு நல்ல வார்த்தை எழுதி, ரப்பர் வாத்து பொம்மை ஒன்றோடு முன்பின் தெரியாத ஒருவரின் ஜீப்பில் வைத்துவிட்டுப் போனார். அது பரவி, இன்றைக்குப் பல நாடுகளில் ஜீப்காரர்கள் ஒருவர் வண்டியில் ஒருவர் வாத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். மனசுக்குப் பிடித்த பழக்கம்தான், ஆனால் ஏற்காட்டில் அப்படியே செய்ய முடியாது. வண்டிமேல் வைத்ததை ஐந்து நிமிஷத்தில் குரங்கு தூக்கிப்போய்விடும், கடித்துத் துப்பிய ரப்பர் காட்டில் கிடக்கும். அதற்குப் பதில் நான் கிளம்பும்போது சேலத்தில் நாலு பாக்கெட் தட்டுவடை வாங்கி டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். பேச்சு நன்றாகப் போனால் ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவேன். மஞ்சள் டேப் சுற்றிய அந்த ஜீப்புக்கு இதுவரை இரண்டு பாக்கெட் போயிருக்கிறது.

கீழே இறங்கிய பிறகு

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். அடிவாரம் தாண்டி சேலம் ஊருக்குள் வந்துவிட்டால் கை காட்டுவது குறைந்துவிடும், அது சரிதான். அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் கண் முழுக்க டூவீலர்கள் மேல் இருக்க வேண்டும். சிக்னலில் பக்கத்தில் ஒரு ஜீப் வந்து நின்றால், சேறு காயாமல் இருக்கிறதா என்று அதன் டயரைப் பாருங்கள். இருந்தால் தலையை அசையுங்கள், அவரும் மேலே இருந்துதான் வருகிறார்.